பழப்புளி பட்ட கழுகு

இதை எழுதுகிறவன் குணசேகரத்தை முதன்முதலில் பார்த்தது 2006 கோடையில், பெர்லினில் ஒரு பழஞ்சாமான் சந்தையில். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், தட்டு நிறையக் கிடந்த உலோகச் சின்னங்களின் மேல் குனிந்திருந்தார். ஒன்றை எடுத்து, அதன் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் வருடி, "உது வார்ப்பு. நேத்துப் பிறந்தது" என்று தனக்குத்தானே தமிழில் சொல்லிவிட்டுத் திரும்பவும் தட்டில் போட்டார். அந்நிய தேசத்துச் சந்தையில் தமிழ் காதில் விழுந்தால் கால் தானாக நின்றுவிடும்.

"நீங்க தமிழா?"

"ஓம். நீர் இந்தியாவோ?"

"ஆமாங்க. வேலைக்கு வந்திருக்கேன். இன்ஜினியர்."

ஊரிலேயே முதல் பட்டதாரி என்பதால், யாரும் கேட்காவிட்டாலும் அந்தச் சொல் வாயில் முந்திக்கொண்டு வந்துவிடும். குணசேகரம் அதற்கு மரியாதையாகத் தலையசைத்தார். அசைத்த கையோடு ஒரு கேள்வியும் கேட்டார்.

"அப்ப ஒண்டு கேக்கிறன் தம்பி. பித்தளையில பிடிச்ச களிம்பைக் கழுவினாப் பிறகு, அதே களிம்பைத் திருப்பி வரப்பண்ண ஏலுமோ?"

"புதுசா வர வைக்கலாம். பழசு வராதுங்க."

"அதைத்தான் எல்லாரும் சொல்லினம்" என்றார். பிறகு அடுத்த தட்டுக்கு நகர்ந்தார். அந்தக் கேள்விக்குப் பின்னால் கிடந்த கதை, அதற்கப்புறம் பல ஞாயிற்றுக்கிழமைகளில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது.

குணசேகரத்துக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணத்தில் சுழிபுரம். எண்பத்தைந்தில் மாஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலேறி மேற்கே வந்து அகதியாகப் பதிந்தவர். மேற்கு பெர்லினில் நொய்கெல்ன் பகுதியில் ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் வேலை கிடைத்தது. பெர்லின் மதில் உடைந்த வருடம், போலந்துக்காரர்கள் கார் கொள்ளாமல் சாமான் ஏற்றிக்கொண்டு வந்து வெட்டவெளியில் கடை பரப்பிய காலம். ஊறுகாய்ப் போத்தலுக்கும் குளிர்சப்பாத்துக்கும் நடுவில் ஒரு உலோகப் பறவை கிடந்தது. சிறகை விரித்து, தலையில் கிரீடம் வைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. சேவல் என்று நினைத்தார். முருகனுடைய கொடியில் இருப்பது இங்கே எப்படி வந்தது என்று ஆச்சரியப்பட்டு வாங்கி வந்தார்.

மனைவி புஸ்பவதி அதைத் திருப்பி, பின்னால் தொப்பியில் பூட்டுகிற திருகைப் பார்த்தார். "முருகன் எப்பயப்பா ஆமியில சேந்தவர்?" என்று கேட்டார்.

அதைச் சேவல் இல்லை என்று சொன்னவர் ஹெலேனா. சலவைப் பகுதியில் குணசேகரத்துக்கு எதிர் மேசையில் படுக்கை விரிப்பு மடிக்கிற போலந்துப் பெண்மணி. குணசேகரம் மேற்சட்டையில் அதைக் குத்திக்கொண்டு வேலைக்கு வந்ததைப் பார்த்துவிட்டு, விரிப்பைக் கீழே போட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவர் கண் கலங்கியது. அது கழுகு. போருக்கு முந்திய போலந்துப் படையின் தொப்பிச் சின்னம். அவருடைய தகப்பன் வின்சென்ட்டி, முப்பத்தொன்பது ஆகஸ்டு மாதக் கடைசியில் அதே மாதிரி ஒன்றைத் தொப்பியில் வைத்துக்கொண்டு வீட்டுப் படியிறங்கிப் போனவர். அப்போது ஹெலேனாவுக்கு எட்டு வயது. பிடிபட்டு ஜெர்மன் கைதி முகாம் ஒன்றில் இருந்ததாக ஒரு தபால் அட்டை வந்தது. அதோடு சரி.

அன்றைக்குத் தொற்றிக்கொண்டதுதான். பதினைந்து வருடத்தில் குணசேகரத்தின் துணி அலமாரியில் பாதி இடத்தைக் கழுகுகள் பிடித்துக்கொண்டன. போருக்கு முன் தகட்டில் அச்சழுத்தி அடித்தவை. முன்பக்கம் மேடாக இருந்தால் பின்பக்கம் அதே வடிவில் குழியாக இருக்கும். நடுவில் ஒரு திருகு, அதற்கொரு வட்ட மரை. நாட்டைப் பறிகொடுத்துவிட்டு மத்திய கிழக்குப் பாலைவனத்தில் போரிட்ட போலந்துச் சிப்பாய்கள், கிடைத்த உலோகத்தை உருக்கி மணல் அச்சில் ஊற்றியவை. கைதி முகாமில் தகரப் பேணியை வெட்டிச் செய்தவை. ருஷ்யர்களோடு சேர்ந்து வந்த போலந்துப் படையின் கழுகுக்குக் கிரீடமே கிடையாது. அதைச் சிப்பாய்களே 'பெட்டைக் கோழி' என்று நையாண்டி செய்தார்களாம்.

போலிகளும் ஏராளம். வார்ப்பாக இருந்தால் போலி என்று சொல்லிவிட முடியாது, பாலைவனத்தில் செய்ததும் வார்ப்புத்தான். அச்சழுத்தியதாக இருந்தால் அசல் என்றும் சொல்ல முடியாது. பழைய அச்சு எவனிடமாவது இருந்தால் புதிதாக அடித்துத் தள்ளலாம். கடைசியில் எல்லாம் வந்து நிற்பது அதன்மேல் படிந்த களிம்பில்தான். கறுப்பு எங்கே தடித்திருக்கிறது, எங்கே கை பட்டுத் தேய்ந்திருக்கிறது, கீறலின் அடியில் என்ன நிறம் கிடக்கிறது. சைவ சமய வகுப்பில், செம்பில் களிம்பு போல உயிரை மலம் பற்றியிருக்கிறது, அது நீங்கினால் முத்தி என்று படித்தவர் குணசேகரம். இங்கே களிம்பு நீங்கினால் எல்லாமே போயிற்று.

வெடிங் பகுதியில் ஒரு பியர்க் கடையின் பின்னறையில் மாதக் கடைசி ஞாயிறு சேகரிப்பாளர்கள் கூடுவார்கள். அதில் முதலாள், ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவர். பேர்ன்ஹார்ட் என்று பெயர். குணசேகரம் அவரைப் பேனாட் என்றுதான் கூப்பிடுவார், அவரும் அதற்கே திரும்பிப் பார்ப்பார். பல் வைத்தியம் பார்த்த காலத்து இரட்டைக் கண் உருப்பெருக்கி அவரிடம் இருந்தது. பேனாட் பார்த்து உண்மை என்றால் உண்மை. அந்தக் கூட்டத்தில் ஒரு கண்டிப்பான வழக்கமும் உண்டு: பிறர் பொருளைச் சோதிக்க வாங்கினால், அதைத் தன் சேகரிப்போடு ஒருபோதும் ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. ஒருமுறை கலந்துவிட்டால், எது யாருடையது என்று பிறகு யாரும் சத்தியம் செய்ய முடியாது.

2005 செப்டெம்பரில் ஹெலேனா படியேறி வந்தார். ஓய்வுபெற்று, அதே கட்டிடத்தின் முதல் மாடியில் தனியாக இருந்தார். குணசேகரம் குடும்பம் மூன்றாம் மாடி. கைக்குட்டையைப் பிரித்து மேசையில் ஒரு கழுகை வைத்தார். கன்னங்கரேலென்று இருந்தது. பின்பக்கம் இரண்டு எழுத்துகள் கீறியிருந்தன. ஹெலேனாவின் தகப்பனுடைய பெயரின் முதலெழுத்துகள்.

போலந்துத் தேவாலயங்களின் பத்திரிகைகளில் ஹெலேனா வருடாவருடம் தகப்பனைப் பற்றி விளம்பரம் கொடுத்துவந்தவர். அதைப் பார்த்துவிட்டு, பழைய முகாம் இருந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்து ஒருவன் வந்திருக்கிறான். கிழங்குத் தோட்டத்தில் கிடைத்ததாம். சும்மா கொடுக்கவில்லை. ஹெலேனா தாயுடைய காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்து வாங்கியிருந்தார்.

"உண்மையா, ஹெர் குணா?" பெயரோடு ஹெர், பிரவ் என்று ஜெர்மன் மரியாதைச் சொல் சேர்த்தே ஒருவரையொருவர் கூப்பிடுவது அவர்கள் வழக்கம்.

குணசேகரம் தன் கைக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். தகடு சரி. திருகு சரி. எழுத்துக் கீறலுக்குள்ளும் கறுப்பு இருந்தது. ஆனால் விளம்பரத்தில் பெயர் பார்த்தவன் எவனும் ஒரு பழைய கழுகை எடுத்து ஆணியால் இரண்டெழுத்துக் கீறி, அதில் மருந்து தடவிக் கறுப்பாக்கலாம். அந்தக் கறுப்பையும் அறுபத்தாறு வருடக் கறுப்பையும் பிரித்துச் சொல்லப் பேனாட்டின் உருப்பெருக்கிதான் வேண்டும். பேனாட்டோ இடுப்பெலும்பு மாற்றிவிட்டுச் சிகிச்சை விடுதியில் கிடந்தார். ஒக்டோபர் கடைசி ஞாயிறுதான் வருவார்.

"அது போதும்" என்றார் ஹெலேனா. "நவம்பர் முதலாம் தேதிக்குத்தான் எனக்கு வேண்டும்."

நவம்பர் முதலாம் தேதி போலந்துக்காரர்கள் எங்கிருந்தாலும் சொந்தக் கல்லறைகளுக்குப் போய் விளக்கேற்றுவார்கள். போலந்தில் இருக்கும் தாயின் கல்லறையில் அந்தக் கழுகைப் புதைத்து, கல்லில் தகப்பன் பெயரையும் வெட்டுவிப்பது என்று ஹெலேனா முடிவு செய்திருந்தார். அம்மா சாகும்வரை வாசலைப் பார்த்தபடி இருந்தவள், இனியாவது இரண்டுபேரும் சேர்ந்து கிடக்கட்டும் என்றார்.

"பொய்யென்றால்?"

"பொய்யென்றால் கால்வாயில் எறிவேன். யாரோ ஒருத்தனைக் கொண்டுபோய் அம்மாவின் பக்கத்தில் படுக்கவைக்க என்னால் முடியாது. அதனால்தான் கேட்கிறேன். எனக்கு ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று வேண்டும்."

குணசேகரம் கழுகைக் கையேற்றார். வழக்கப்படி தன் பெட்டிகளில் வைக்கவில்லை. வீட்டில் வேறு பத்திரமான இடம் எது? யாழ்ப்பாணத்து மனுசனுக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. பாஸ்போர்ட்டும் சாமித்தட்டில்தான், வீட்டுச் சாவியும் சாமித்தட்டில்தான். முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் வைத்தார். புஸ்பவதியிடம் சொல்லவில்லை. சொன்னால் 'பருந்துக் கூட்டம் சாமித்தட்டுக்கும் வந்திட்டுதோ' என்று ஒரு பாட்டுக் கேட்க வேண்டியிருக்கும்.

ஒக்டோபரில் சரஸ்வதி பூசை வந்தது. குணசேகரம் பிற்பகல் வேலை முடித்து வீட்டுக்குள் நுழைந்தபோதே சாம்பிராணி மணம். தட்டில் குத்துவிளக்கும் செம்பும் பொன்னாக மினுங்கின. மகள் லக்சிகாவின் பல்கலைக்கழகப் புத்தகங்கள், புஸ்பவதியின் தையல் கத்தரிக்கோல், அவற்றுக்கு நடுவில் வெற்றிலையின்மேல், சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு கழுகு.

அது புதுக் காசு மாதிரி பளபளத்தது.

"இஞ்சாருங்கோ, பாத்தியளே?" புஸ்பவதி குசினியிலிருந்து கைதுடைத்துக்கொண்டே வந்தார். "சாமிக்குப் பின்னால கறுத்துப்போய்க் கிடந்தது. எல்லாரும் தங்கடை தொழில் சாமானைப் பூசைக்கு வைக்கினம், மனுசனும் தன்ரை பருந்தை வைச்சிருக்கிறார், வாய் திறந்து சொல்லத்தான் வெக்கம் எண்டு விளங்கிச்சுது. பழப்புளி போட்டு, உப்புப் போட்டு, தேங்காய்த் தும்பால நல்லா மினுக்கினனான். அந்தச் செட்டைக்கு இடுக்கெல்லாம் பழைய பல்லுத் தூரிகை விட்டு எடுத்தனான். கை விறைச்சுப் போச்சு."

குணசேகரம் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றார்.

"பின்பக்கமும் மினுக்கினீரோ?"

"பின்ன? அரைகுறையாச் செய்வனே? அதிலதான் கன ஊத்தை."

பதினைந்து வருடமாகப் புஸ்பவதி அந்தக் கழுகுகளைத் திட்டாத நாள் கிடையாது. அன்றைக்குத்தான், அவருக்காகத்தான், முதல்முதலாக ஒன்றைக் கையிலெடுத்திருந்தார். என்ன சொல்லி ஏசுவது?

"ஏன் இப்ப முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்கிறியள்?"

"உது ஹெலேனாவின்ரை சாமான்."

"அட, அப்ப இன்னும் நல்லதெல்லே. மினுக்கிக் குடுத்தா மனுசி சந்தோசப்படும். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ, தீபம் காட்ட வேணும்."

தீபம் காட்டினார்கள். லக்சிகா தேவாரம் பாடினாள். குணசேகரம் கைகூப்பிக்கொண்டு கழுகையே பார்த்தார். அன்றிரவு கைக்கண்ணாடியோடு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு எழுத்துகளும் அடிவரைக்கும் மஞ்சளாக ஒளிர்ந்தன. எத்தனை கோணத்தில் பிடித்தாலும் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. புஸ்பவதி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல.

கழுகு கிடைத்தவனைப் பிடித்தால் அதே தோட்டத்தில் கிடைத்த வேறு ஏதாவதைப் பார்த்து ஒப்பிடலாம் என்று தோன்றியது. விளம்பரம் வந்த தேவாலயத்துப் பாதிரியாரிடம் அவனுடைய தொலைபேசி இலக்கம் வாங்கி அடித்தார். அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண்குரல் போலந்து மொழியில் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு, பேனாட் கைத்தடியோடு வந்தார். கழுகைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார்.

"பல்லாக இருந்திருந்தால், இப்படி விளக்கியதற்கு உன்னைப் பாராட்டியிருப்பேன்."

குணசேகரம் நடந்ததைச் சொன்னார். பேனாட் அதற்குப் பிறகு பகிடி விடவில்லை. உருப்பெருக்கியின் கீழே வைத்து நெடுநேரம் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர்கள் இரண்டாவது பியர் வாங்கி வந்து உட்கார்ந்தார்கள்.

"தகடு பழசு. அடித்த அச்சு பழசு. திருகும் அதோடு பிறந்தது. மண்ணுக்குள் கிடந்து அரித்த பள்ளங்கூட இருக்கிறது. இந்தக் கழுகு உண்மை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை."

"எழுத்து?"

"எழுத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது. முகாமில் கீறியிருக்கலாம். போன கோடையில் கீறியிருக்கலாம். இப்போது இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும்."

"நான் பார்த்தேன் பேனாட். கழுவுவதற்கு முன் கீறலுக்குள் கறுப்பு இருந்தது. என் கண்ணால் பார்த்தேன்."

"கறுப்பு இருந்தது, சரி. எந்தக் கறுப்பு என்பதுதானே கேள்வி."

குணசேகரம் மேசைமேல் குனிந்தார். தாழ்ந்த குரலில் கேட்டார்: "உண்மை என்றே சொல்லிவிட்டால் என்ன? ஹெலேனாவுக்கு எழுபத்துநான்கு வயது."

பேனாட் கழுகைக் கைக்குட்டையில் மடித்து அவர் கையில் வைத்தார். "உன் வாய், உன் சொல். என் பெயரை மட்டும் அதில் சேர்க்காதே."

வீட்டுக்குத் திரும்பும் சுரங்க ரயில் முழுக்க 'ஆமா' என்ற சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்தார். ஹெர்மன்பிளாட்ஸில் இறங்கும்போது அது நன்றாகப் பழகியிருந்தது. இந்தச் சொல்லால் யாருக்கு என்ன நட்டம்? செத்தவர்கள் செத்துப்போனார்கள். கிழவி நிம்மதியாகக் கல்லறைக்குப் போய் வரட்டும்.

ஹெலேனா கதவைத் திறந்தபோது, கூடத்தில் பயணப்பை தயாராக இருந்தது. கல்லறைக்குக் கொண்டுபோகிற சிவப்புக் கண்ணாடி விளக்குகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அடுக்கிவைத்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"பேனாட் என்ன சொன்னார்?"

உன் சொல் என்ன என்று கேட்டிருந்தால் ஒருவேளை பொய் வந்திருக்கும். பேனாட் என்ன சொன்னார் என்று கேட்டுவிட்டார். குணசேகரம் கைக்குட்டையைப் பிரித்தார். பளபளப்பைப் பார்த்து ஹெலேனா ஒரு அடி பின்னால் போனார். குணசேகரம் எல்லாவற்றையும் சொன்னார், சாமித்தட்டை, பூசையை, பழப்புளியை. ஜெர்மன் மொழியில் பழப்புளிக்கு என்ன சொல் என்று தெரியாமல், "புளிப்பான ஒரு பழம், எங்கள் ஊரில் விளக்குத் தேய்ப்பது" என்று தடுமாறினார்.

"அப்படியானால் ஆமாவா, இல்லையா?"

"தெரியாது."

"எப்போது தெரியும்?"

"இனித் தெரியாது, பிரவ் ஹெலேனா. ஒருநாளும் தெரியாது."

ஹெலேனா கழுகை வாங்கி, பின்பக்கம் திருப்பி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எழுத்துகளை விரலால் தடவினார். கோபப்பட்டிருந்தால் குணசேகரத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கேட்டது வேறு.

"உன் மனைவிக்கு இது தெரியுமா?"

"இல்லை."

"சொல்லாதே. அவள் நல்லதென்று நினைத்துச் செய்தாள்."

அடுத்த நாள் காலை, ஹெலேனா பயணம் போகிறார் என்று கேள்விப்பட்டு, புஸ்பவதி ஒரு டப்பாவில் மிக்சர் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். குணசேகரம் தடுக்கப் பார்த்தார். "அவ வெளிக்கிடுற நேரம், கரைச்சல் குடுக்காதையும்" என்றார். "பக்கத்து வீட்டு மனுசி வழிக்குக் கொண்டுபோக ஒண்டு குடுக்கிறது கரைச்சலோ?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். குணசேகரம் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி மேலே நின்றார். கீழே கதவு திறக்கும் சத்தம், இரண்டு பெண்களின் அரைகுறை ஜெர்மன், திரும்பக் கதவு சாத்தும் சத்தம். புஸ்பவதி முகம் மலர்ந்து படியேறி வந்தார்.

"பாத்தியளே? மனுசி என்னைக் கட்டிப்பிடிச்சு டாங்கே எண்டு சொன்னது. கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு. நீங்கள்தான் என்னவோ குடி முழுகின மாதிரி இருந்தனீங்கள்."

"ஓம்" என்றார் குணசேகரம்.

ஒரு வாரம் கழித்து ஹெலேனா திரும்பி வந்தார். குணசேகரம் கேட்பதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டே தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். ஹெலேனாவே சொன்னார். கரண்டியால் கல்லின் ஓரத்தில் ஒரு சின்னக் குழி தோண்டினாராம். கழுகை உள்ளே வைத்தார், மண் தள்ளினார். பிறகு மண்ணை விலக்கி எடுத்தார். திரும்ப வைத்தார். இருட்டிவிட்டது. சுற்றிலும் ஆயிரம் விளக்குகள். பக்கத்துக் கல்லறைக்காரி, "என்னம்மா தேடுகிறாய், நான் உதவட்டுமா?" என்று கேட்டாளாம்.

"அம்மாவிடமும் கேட்டேன்" என்றார் ஹெலேனா. "அவளும் ஒன்றும் சொல்லவில்லை."

"இப்போது எங்கே இருக்கிறது?"

ஹெலேனா கோட்டுப் பையைத் தட்டிக் காட்டினார். புதைக்கவும் இல்லை, எறியவும் இல்லை. கல்வெட்டுகிறவனிடமும் போகவில்லை.

குணசேகரம் அதற்குப் பிறகும் சந்தைக்குப் போனார். ஒவ்வொரு தட்டிலும் கழுகுகளைத் திருப்பி, பின்பக்கத்தில் கீறிய எழுத்துகளைத்தான் தேடினார். அதே கை கீறிய வேறொன்று அகப்பட்டால், அதில் களிம்பு கெடாமல் இருந்தால், ஏதாவது சொல்லலாம். சேகரிப்புக்கு வேறெதையும் வாங்கவில்லை. அதே கை கீறிய ஒன்று இன்றுவரை அகப்படவில்லை. அவரைப் பார்த்த முதல் ஞாயிறே, கழுவிய களிம்பு திரும்ப வராது என்று ஒரு இன்ஜினியர் கையை விரித்தது உங்களுக்குத் தெரியும்.

இது 2009. ஹெலேனாவுக்கு எழுபத்தெட்டு வயது. போன வருடத்திலிருந்து பெர்லினின் மேற்குக் கோடியில், ஸ்பண்டாவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். கழுகு அவர் கட்டிலருகே மேசை இழுப்பறையில் இருக்கிறது. தாயின் கல்லறைக் கல்லில் இன்னும் ஒரு பெயர்தான். குணசேகரம் நொய்கெல்னில் அதே மூன்றாம் மாடியில் வசிக்கிறார், அதே சலவைப் பகுதியில் அரைநாள் வேலை பார்க்கிறார். மாதம் ஒருமுறை புஸ்பவதியோடு ஸ்பண்டாவுக்குப் போய் வருகிறார். புஸ்பவதி தேநீர் எடுக்க வெளியே போகும் நேரம் பார்த்து, "உண்மையாக இருக்குமா, ஹெர் குணா?" என்று ஹெலேனா கேட்கிறார். தெரியாது என்று அவர் சொல்கிறார்.